ஸ்மார்ட் ஆபரேஷன் தியேட்டர் ஆராய்ச்சியில் பிஎச்.டி.: எங்கே விண்ணப்பிக்கலாம்?

மதுரை_பயோமெடிக்கல் எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எம்.இ. முடித்திருக்கிறேன். தியேட்டர்களில் உள்ள மயக்க மருந்து இயந்திரம், மானிட்டர், காட்டரி (மின்சாரத்தால் திசுவை வெட்டி இரத்தக்கசிவை அடைக்கும் கருவி), லாப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) டவர், சி-ஆர்ம் (நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவி), மேசை, விளக்கு எல்லாம் எங்கள் பிரிவின் பொறுப்பு. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே உடை மாற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பழுது பார்ப்பது எனக்கு அன்றாட வேலை.

சென்ற ஆண்டு ஒரு பித்தப்பை அறுவையின்போது நோயாளியின் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கியது. அவர் நல்லபடியாகத் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் அறுவை மருத்துவர் என்னிடம் கேட்டார்: "வயிற்றுக்குள் வாயு ஏற்றிய பிறகு அழுத்தம் இறங்கியதா, அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டதா?" வாயு ஏற்றும் இன்சஃப்ளேட்டர் ஒரு நிறுவனத்துடையது, மானிட்டர் இன்னொன்று, வீடியோ பதிவுக் கருவி மூன்றாவது. மூன்று கடிகாரங்களும் மூன்று நேரம் காட்டின. வீடியோவுக்கும் மானிட்டருக்கும் மட்டும் ஏழு நிமிட வித்தியாசம். அவர் கேட்டதற்கு எந்தக் கருவியிலிருந்தும் பதில் எடுக்க முடியவில்லை. இதைத்தான் ஆராய வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஸ்மார்ட் தியேட்டர் என்று இணையத்தில் தேடினால் ரோபோவும் செயற்கை நுண்ணறிவும்தான் வந்து விழுகின்றன. என்னைப் போன்ற கருவிப் பொறியாளருக்கு இதில் இடம் உண்டா? எந்த நாட்டில், எந்த ஆய்வகத்தில் முயலலாம்? எனக்கு நிரல் எழுதுவது ஓரளவுதான் வரும். வயது முப்பது, மூன்று வயதில் ஒரு மகள், கணவர் பள்ளி ஆசிரியர். உதவித்தொகை இல்லாமல் போக வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஸ்த்ராஸ்பூர்வாசி எழுதியது:

நான் பிரான்சின் ஸ்த்ராஸ்பூர் நகரில் கணினிப் பார்வைத் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். உங்கள் பட்டியலில் இந்த ஊர் கட்டாயம் இருக்க வேண்டும். 1994இல் ழாக் மரெஸ்கோ இங்கே இர்காட் என்ற பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2001 செப்டம்பர் 7ஆம் தேதி அவர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, ஸ்த்ராஸ்பூரில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ரோபோ கைகளால் அகற்றினார். இப்போது பல்கலைக்கழகத்தின் ஐக்யூப் ஆய்வகத்தில் நிக்கோலா பதுவா தலைமையில் காம்மா என்ற குழு இயங்குகிறது. அறுவை வீடியோவைப் பார்த்து, இப்போது எந்தக் கட்டம் நடக்கிறது, எந்தக் கருவி உள்ளே இருக்கிறது என்று கணினியே சொல்லும்படி செய்வது அவர்களுடைய முக்கியமான பணி.

இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் தரவுத்தொகுப்பான கோலெக்80 அவர்கள் வெளியிட்டதுதான். 13 மருத்துவர்கள் செய்த 80 லாப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவைகளின் வீடியோ. ஒவ்வொன்றும் ஏழு கட்டங்களாகக் குறிக்கப்பட்டது. படிவம் நிரப்பிக் கேட்டால் ஆராய்ச்சிக்குத் தருவார்கள். நீங்கள் நூற்றுக்கணக்கான பித்தப்பை அறுவைகளை நேரில் பார்த்திருப்பீர்கள். கலோ முக்கோணத்தைப் (பித்தப்பையின் குழாயும் தமனியும் இருக்கும் பகுதி) பிரித்தெடுக்கும் கட்டம் எங்கே முடிகிறது, கிளிப் போடுவது எங்கே தொடங்குகிறது என்பது உங்களுக்குக் கண்ணாலேயே தெரியும். கணினி அறிவியல் படித்துவிட்டு நேராக வந்த எனக்கு அதைக் கற்கவே பல மாதங்கள் ஆயின.

நிரல் மட்டும் தவிர்க்க முடியாதது. பைத்தான் மொழியும், கணினி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் பைடார்ச் மென்பொருளும் கை பழக வேண்டும். கோலெக்80ஐ வாங்கி, கட்டங்களை அடையாளம் காணும் ஒரு சிறிய மாதிரியை நீங்களே பயிற்றுவித்துப் பாருங்கள். துல்லியம் குறைவாக வந்தாலும் கவலையில்லை. எந்த இடத்தில் ஏன் தவறுகிறது என்று எழுதி விண்ணப்பத்தோடு அனுப்புங்கள். பிரான்சில் முனைவர் ஆய்வு என்பது பெரும்பாலும் மூன்று ஆண்டு ஊதிய ஒப்பந்தம். ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே ஆய்வு செய்யும் சிஃப்ர் என்ற வழியும் உண்டு. மருத்துவக் கருவி நிறுவனங்கள் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது பொருந்தும்.

ரைன்கரை எழுதியது:

மேலே நண்பர் சொன்னது அனைத்தும் சரியே. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பதற்றம் வந்தது. உங்களிடம் இருக்கும் கேள்வியை விட்டுவிட்டு, எல்லோரும் போகிறார்கள் என்று நீங்களும் வீடியோ பக்கம் போய்விடக் கூடாது.

நான் தமிழ்நாட்டில் மயக்க மருந்து இயந்திரங்களுக்கு சர்வீஸ் பொறியாளராக ஊர் ஊராகச் சுற்றியவன். இப்போது ஜெர்மனியில் மருத்துவக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் துறையில் முனைவர் ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். அந்த ஏழு நிமிட வித்தியாசம் இங்கே ஆண்டுக்கணக்கில் ஆராயப்படும் சிக்கல். நேரம் பொருந்தாவிட்டால் எவ்வளவு சிறந்த கணினி மாதிரி செய்தாலும், இரத்த அழுத்தம் இறங்கியதற்கும் மருத்துவரின் கை அசைவுக்கும் தொடர்பு காட்ட முடியாது.

ஜெர்மனியில் 2012 முதல் 2016 வரை ஓ.ஆர்.நெட் என்ற பெரிய கூட்டுத்திட்டம் அரசின் நிதியில் நடந்தது. லைப்சிக், ஆகன், லூபெக், ரோஸ்டாக் என்று பல பல்கலைக்கழகங்களும், மருத்துவமனைகளும், கருவி நிறுவனங்களும் சேர்ந்தன. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே வலையமைப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தன் அளவுகளையும் எச்சரிக்கைகளையும் மற்றக் கருவிகளுக்குத் தர வேண்டும் என்பதே நோக்கம். அதன் விளைவுதான் ஐ.இ.இ.இ. 11073 தரநிலைக் குடும்பத்தில் எஸ்.டி.சி. என்று நாங்கள் சொல்லும் தரநிலைகள். அவற்றின் அடிப்படைப் பகுதிகள் 2016க்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தன.

இதன் பயன் புரிய உங்கள் தியேட்டர் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். காட்டரிக்கு ஒரு கால் மிதி, சி-ஆர்முக்கு ஒன்று, சில அறுவைகளில் நுண்ணோக்கிக்கும் டிரில்லுக்கும் தனித்தனியாக இன்னும் இரண்டு. மருத்துவர் கண்ணை நோயாளியிடமிருந்து எடுக்காமல் காலால் துழாவித் தேடுகிறார். ஒரே மிதியை அந்தந்த நேரத்துக்கு வேண்டிய கருவியோடு இணைத்தால் போதும் என்று ஆகனில் செய்து காட்டினார்கள். ஆனால் சிக்னல் தாமதமானால் என்ன ஆகும், தவறான கருவிக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு, எந்தக் கருவி இப்போது இணைந்திருக்கிறது என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும், இணைப்பு அறுந்தால் கருவி எந்த நிலையில் நிற்க வேண்டும்? ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டும். நிரலை மட்டும் அறிந்தவரால் இதைச் செய்ய முடியாது. கருவியின் உள்ளே கை விட்டவர்கள் தேவை, அவர்கள் கிடைப்பது அரிது.

ஜப்பான்காரர்கள் இதே சிக்கலை வேறு வாசல் வழியாகத் தீர்த்தார்கள். டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஸ்காட் என்ற அறுவை அரங்கை உருவாக்கினார்கள். அதில் கருவிகளை இணைக்கும் ஓப்லிங்க் மென்பொருள், டென்சோ நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோக்களை இணைக்கும் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்தது. 2016இல் ஹிரோஷிமாவிலும், 2018இல் ஷின்ஷு பல்கலைக்கழகத்திலும் அரங்குகள் வந்தன. மூளைக் கட்டி அறுவையில் எம்.ஆர்.ஐ. படமும், நரம்புச் சிக்னல்களும், கருவி இருக்கும் இடமும் ஒரே நேர அச்சில் ஒரே திரையில் வரும். மருத்துவர் உங்களிடம் கேட்ட கேள்விக்கு அந்தத் திரையில் பதில் இருக்கும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை மூலம் போகலாம். பொறியியல் பிஎச்.டி. மூன்று ஆண்டு, மருத்துவப் புலத்தில் சேர்ந்தால் நான்கு.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நசீர் நவாபின் குழு அரங்கின் கூரையில் ஆழமும் அளக்கும் கேமராக்களை வைத்து, யார் எங்கே நிற்கிறார், யார் யாரிடம் என்ன கொடுக்கிறார் என்பதையே கணினிக்குப் புரிய வைக்கிறது. அவர்கள் 2022இல் வெளியிட்ட 4டி-ஓஆர் தொகுப்பில் இருப்பவை பத்து முழங்கால் மாற்று அறுவைகள். பத்தும் நடித்துப் பதிவு செய்யப்பட்டவை. உண்மையான அறுவையை அப்படிப் பதிவு செய்ய நோயாளியும், அங்கே நிற்கும் ஒவ்வொரு செவிலியரும் இசைய வேண்டும். ஜெர்மனியில் பணியாளர் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். இது நியாயமான விதி என்பதே என் கருத்து. தாங்கள் கண்காணிக்கப்படுவதாகத் தியேட்டர் சிஸ்டர்கள் நினைத்துவிட்டால் அந்த ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடும், நிற்கவும் வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான பொறியியல் முனைவர் மாணவர்கள் பல்கலைக்கழக ஊழியர்கள். இ13 என்ற ஊதிய நிலை. ஆனால் முழுப் பணியா, 65 அல்லது 75 விழுக்காடா என்று விளம்பரத்தில் பாருங்கள், வித்தியாசம் பெரியது. ஊழியர் என்பதால் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு; வருமானம் இல்லாத கணவரும் மகளும் அதிலேயே கூடுதல் கட்டணமின்றிச் சேர்வார்கள். உங்கள் கணவர் இங்கே வேலை செய்யவும் அனுமதி கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளையும் விடாதீர்கள். பணிக்கு எடுக்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், பணிக்குச் சேரப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. மதுரையில் இருப்பதால் அந்த விதி உங்களுக்குத் தடையே இல்லை. குடும்பப் படியும் உண்டு. இடங்கள் யூராக்சஸ் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைவாய்ப்புத் தளத்தில் வரும்.

நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் குழு தன் மாணவரை உண்மையான தியேட்டருக்குள் அனுப்புகிறது என்று பாருங்கள். நேர்காணலில் வெட்கப்படாமல் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் அரங்கில் இருப்பேன்? நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா, அல்லது நான்தான் வாங்க வேண்டுமா? எனக்கு இணை வழிகாட்டியாக ஓர் அறுவை மருத்துவரோ மயக்கவியல் மருத்துவரோ இருப்பாரா? அனுமதி கையில் இல்லை என்றால் உங்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதி படிவங்களிலேயே கரையும். என்னோடு சேர்ந்த ஒருவர், பெயர் வேண்டாம், தரவு வரும் வரும் என்று காத்திருந்தே தலைப்பை மாற்றிக்கொண்டார்.

இன்னொன்று: மொழி. ஆய்வகம் ஆங்கிலத்தில் நடக்கும். தியேட்டர் ஜெர்மனில்தான் நடக்கும். மேசையருகே நிற்பவர் அவசரத்தில் சொல்வது புரியாவிட்டால் நீங்கள் மூலையில் நிற்கும் விருந்தாளிதான். விண்ணப்பிக்கும்போதே பி1 (இடைநிலை) அளவை எட்டும்படி ஜெர்மன் கற்கத் தொடங்கிவிடுங்கள்.

மயக்கவியல்_கோவை எழுதியது:

நான் மயக்கவியல் மருத்துவர். ஆராய்ச்சியாளர் அல்ல. ஆனாலும் ரைன்கரை சொன்ன "கருவிகள் பேச வேண்டும்" என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மயக்கவியல் பாதுகாப்பு அறக்கட்டளையின் செய்தி இதழில் இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு நிகழ்வை எங்கள் மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். 32 வயதுப் பெண், லாப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவை. நடுவில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நெஞ்சு அசையாமல் இருக்க மயக்கவியல் மருத்துவர் வென்டிலேட்டரை நிறுத்தினார். மேசைக்கு அடியில் இருந்த ஃபிலிமை எடுக்க முடியவில்லை. மேசை சிக்கிக்கொண்டதால் அவரும் உதவப் போனார். ஃபிலிம் வந்தது, அறுவை தொடர்ந்தது, வென்டிலேட்டரை மட்டும் யாரும் மீண்டும் இயக்கவில்லை. இதயத் துடிப்பு மிகவும் குறைந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

எக்ஸ்ரே கருவியும் வென்டிலேட்டரும் ஒன்றோடொன்று பேசியிருந்தால் மூச்சின் இயல்பான இடைவெளியிலேயே படம் எடுத்திருக்கலாம், நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவரான ஜூலியன் கோல்ட்மன் 2004இல் தொடங்கிய திட்டம் இதைத்தான் செய்து காட்டியது. ஆகவே வெறும் கருவிப் பொறியாளரான எனக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எங்களுக்குத்தான் உங்களைப் போன்றவர்கள் தேவை. தியேட்டரில் நிற்கும்போது எங்களிடம் கேளுங்கள்: எந்த அலாரத்தைப் பார்க்காமலே அணைக்கிறோம், ஏன் என்று. அதிலேயே பல ஆய்வுத் தலைப்புகள் கிடைக்கும்.

மதுரை_பயோமெடிக்கல் எழுதியது:

டாக்டர், நண்பர்களே, மிக்க நன்றி. ரைன்கரை அண்ணா, இரண்டு கேள்விகள். பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது? என்னிடம் ஆய்வுக் கட்டுரை எதுவும் இல்லை. இரண்டாவது, குடும்பத்தோடு உடனே கிளம்ப முடியாவிட்டால் இந்தியாவிலேயே இதைத் தொடங்க முடியுமா?

ரைன்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். முடியும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவமனையும் கருவிகளை உருவாக்கும் பயோமெடிக்கல் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. சித்ரா இதய வால்வு அங்கே பிறந்ததுதான். 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். கருவி செய்பவரும் அதைப் பயன்படுத்துபவரும் தினமும் சந்திக்கும் அத்தகைய இடம் நம் நாட்டில் குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவத் தொழில்நுட்பத்துக்கென்றே ஹெச்.டி.ஐ.சி. மையம் இருக்கிறது. இந்த ஐ.ஐ.டி., ஸ்ரீ சித்திரை, வேலூர் சி.எம்.சி. மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் பாடம் நடத்தியிருப்பதால் மருத்துவமனையோடு இணைந்த ஆய்வு அவர்களுக்குப் புதிதல்ல. எஸ்.டி.சி. போன்ற தரநிலைகளில் அங்கே உங்களுக்கு வழிகாட்ட ஆள் கிடைப்பாரா என்பதை நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நம் தியேட்டர்களில் பழைய கருவியும் புதிய கருவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வலையமைப்பு வசதியே இல்லாத கருவியை எப்படிச் சேர்ப்பது என்பது ஐரோப்பாவில் யாரும் அதிகம் கவலைப்படாத, ஆனால் நமக்கு மிகவும் வேண்டிய கேள்வி. அதற்கு மதுரைதான் சரியான இடம்.

மின்னஞ்சல். "உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மருத்துவமனை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, நோயாளி பற்றிய எந்த விவரமும் இல்லாமல், உங்கள் தியேட்டர்களில் உள்ள எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் சில வாரங்களுக்கு ஒரே நம்பகமான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவாருங்கள். எந்தக் கருவி நாளுக்கு எவ்வளவு விலகுகிறது, மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது, பேட்டரி மாற்றிய பிறகு யாராவது நேரத்தைச் சரிசெய்கிறார்களா, எந்தக் கருவியில் தரவை வெளியே எடுக்க வழி இருக்கிறது, எதில் இல்லை. இரண்டு பக்கத்தில் ஓர் அட்டவணையும் ஒரு வரைபடமும் போதும். அதை இணைத்து, மருத்துவர் உங்களிடம் கேட்ட அந்தக் கேள்வியை முதல் வரியாக எழுதுங்கள். அதன் பிறகு அந்தக் குழுவின் ஒரு கட்டுரையைப் பெயர் சொல்லி, அதில் உங்கள் சிக்கலுக்கு எது உதவும், எது போதாது என்று நான்கு வரி. ஆய்வுக் கட்டுரை இல்லை என்று வருந்த வேண்டாம், உங்களுக்கு இது போதும்.

அட்டவணை தயாரானதும் இங்கேயே போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். ஸ்த்ராஸ்பூர்வாசியும் பார்ப்பார் என்று நம்புகிறேன். ஜெர்மன் வகுப்பில் மட்டும் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள்.